கழுவி வைத்த முட்டைகள்

மார்ச் 18, திங்கள்

முட்டை வண்டி இன்று இரண்டு வாரத்து முட்டையை ஒன்றாக இறக்கிவிட்டுப் போனது. அடுத்த வாரம் ஊரில் மாரியம்மன் நோம்பி. தேர் வரும் தெருவில் வண்டி நுழைய முடியாதாம். பால்வாடியில் இருபத்திரண்டு குழந்தைகள், வாரத்துக்கு மூன்று நாள் முட்டை, ஆக நூற்று முப்பத்திரண்டு. வண்டிக்கார ஜெயபால் அண்ணன் அட்டைகளை இறக்கிக்கொண்டே, "நெழலாப் பாத்து வெச்சுக்குங்க டீச்சர், வெயில் இப்பவே ஆளைக் கொல்லுதுங்க" என்றார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நிழலுக்கு எங்கே போவது?

பாதி முட்டைகளில் கோழி எச்சமும் சிறகும் ஒட்டியிருந்தன. போன மாதம் சூப்பர்வைசர் மேடம் அப்படி ஒரு முட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "ரேணுகா, இதையா கொழந்தைங்க சாப்பிடற எடத்துல வெச்சிருக்கீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பதினாறு வருட சர்வீஸில் சுத்தத்துக்காக என்னை ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இன்று நானும் ஆயா மேகலாவும் உட்கார்ந்து அத்தனையையும் சோப்புத் தண்ணீரில் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினோம். பளிங்குபோல் ஆகிவிட்டன. பூனைத் தொல்லை இருப்பதால் மூடி போட்ட நீல டப்பில் அடுக்கி, சமையலறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூமில் வைத்தாயிற்று.

"ஈரத்தோட மூடறீங்களே டீச்சர்?" என்றாள் மேகலா.

"பூனை உருட்டிருச்சுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வேலைக்காரி, ஆனால் கேள்வி கேட்பதில் கலெக்டர்.

மார்ச் 19, செவ்வாய்

சாம்பார் சாதம். குழந்தைகளுக்குப் போடுவதற்கு அரை மணி முன்னால் டீச்சர் சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நான் ஒரு நாளும் தவறியதில்லை. கூடவே மேகலாவையும் ஒரு வாய் பார்க்கச் சொல்வேன். நாலு எழுத்துப் படிக்காதவள் என்று ஒதுக்காமல் அவளையும் மதிக்கிறோம் என்று தெரிய வேண்டும் அல்லவா? அவள் நன்றாக இருக்கிறது என்ற பிறகுதான் பேனாவை எடுப்பேன்.

மார்ச் 21, வியாழன்

முட்டை நாள். வெயில் தாங்கவில்லை. ஸ்டோர் ரூமுக்குள் போனால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது. கோவையிலிருந்து மகள் போன் செய்தாள். நர்சிங் மூன்றாம் வருடக் கட்டணம் ஜூனில் கட்ட வேண்டும். கட்டிவிடலாம் என்றேன். இந்த வேலை இருக்கிறவரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லை.

மார்ச் 25, திங்கள்

இன்றும் முட்டை. மிதுனாவுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு மாதம். சாதத்தைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்வாள். முட்டையில் மஞ்சள் மட்டும் வேண்டும், அதுவும் நான்தான் ஊட்ட வேண்டும். அவள் அம்மா வளர்மதி நூல் மில்லுக்குப் போகிறவள். அப்பா லாரியில் வடக்கே போனால் மாதக் கணக்கு. காலையில் குழந்தையை விடும்போதே, "அந்த மஞ்சக்கருவ மட்டும் எப்படியாச்சும் ஊட்டிருங்க டீச்சர், வூட்டுல ஒண்ணுமே திங்கறதில்லீங்" என்று கெஞ்சிவிட்டுப் போவாள். சொந்தத் தாய் ஊட்டிச் சாப்பிடாத குழந்தை என் கையில் சாப்பிடுகிறது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

டப்பைத் திறந்தபோது மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் மூடினேன்.

மார்ச் 26, செவ்வாய்

மேகலாவுக்கு இன்று மத்தியானத்திலிருந்து வெள்ளி வரை லீவு. பிறந்த வீட்டு நோம்பி. கிளம்பும்போது வாசலில் நின்று, "கேஸு வாடை அடிக்குதுங்களே டீச்சர், ட்யூப் கசியுதாட்ட இருக்குது" என்றாள்.

"எனக்கொண்ணும் வரலியே" என்றேன்.

"நல்லா வருதுங்" என்று சொல்லிவிட்டு அவளே போய் சிலிண்டரைத் திருகி மூடினாள். எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்றேன்.

மார்ச் 27, புதன்

நோம்பிக்காக ஏழு பேர் வரவில்லை. பதினைந்து குழந்தைகள். முட்டை கொடுத்தாயிற்று. மிதுனா இரண்டு முட்டையின் மஞ்சளையும் சாப்பிட்டாள். நோட்டில் கையெழுத்துப் போட்டேன். ஒரு குறையும் இல்லை.

மார்ச் 28, வியாழன்

இன்றும் நாளையும் ஊர் விடுமுறை. தேர் பார்த்தேன். கோயில் வாசலில் மல்லிகை விற்ற பெண், "மோந்து பாருங்கக்கா, இன்னிக்குப் பூ" என்று நீட்டினாள். நெருக்கமாகக் கட்டியிருக்கிறாளா என்று பார்த்து வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 29, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

காலை ஏழு மணிக்கு வளர்மதி என் வீட்டு வாசலில் நின்றாள். தோளில் மிதுனா. நேற்று மத்தியானத்திலிருந்து வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். கண் சொருகிக்கொண்டே போகிறது. கூப்பிட்டால் திறந்து பார்க்கிறாள், உடனே மூடிக்கொள்கிறாள். ஆட்டோ பிடித்து டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ட்ரிப்ஸ் ஏற்ற அந்தக் குட்டிக் கையில் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தினார்கள். அவள் அழக்கூட இல்லை. அழாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சின்ன வயது டாக்டர். பொறுமையாகக் கேட்டார். புதன்கிழமை பால்வாடியில் என்ன சாப்பிட்டாள்? சாதம், முட்டை என்றேன்.

"முட்டை கெட்டிருந்துச்சா? வாடை ஏதாவது அடிச்சுதா?"

"இல்லீங்க டாக்டர். ஒரு வாடையும் அடிக்கல."

"நல்லா வெந்திருந்துச்சா?"

"வெந்துச்சுங்க."

"வேற எந்தக் குழந்தைக்காவது இந்த மாதிரி இருக்கா?"

"தெரியலீங்க, பால்வாடி லீவு" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பிறகு வளர்மதியிடம் திரும்பி, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் குடியிருப்பது முருங்கைத் தோட்டத்துச் சாளைக் குடிசையில். மருந்து டப்பா கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது என்று அவள் வெகுளியாகச் சொன்னாள்.

மார்ச் 30, சனி, காலை

தூங்கவில்லை. புதன்கிழமையை முழுதாக எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

பதினாறு முட்டைகளை வேக வைத்தேன். கொதி வந்து இரண்டு மூன்று நிமிடத்தில் அடுப்பு அணைந்துவிட்டது. சிலிண்டர் காலி. இன்னும் பத்து நாளாவது வரவேண்டிய கேஸ். மேகலா சொன்னபடி கசிந்துதான் தீர்ந்திருக்க வேண்டும். மாற்றுச் சிலிண்டர் இல்லை. கொதித்த தண்ணீரிலேயே மூடி வைத்தால் வெந்துவிடும் என்று விட்டுவிட்டேன். உரித்தபோது மஞ்சள் இளக்கமாக, கையில் ஒட்டுகிற மாதிரி இருந்தது. சில முட்டைகள் பாத்திரத்தில் போட்டவுடனேயே மேலே மிதந்தன. அதையும் பார்த்தேன். சாதம் ஏற்கெனவே வடித்து ஆறிப்போயிருந்தது, குழந்தைகள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மிதுனாவுக்கு அந்த இளக்கமான மஞ்சள் பிடித்துவிட்டது. இன்னொன்று கேட்டாள். சாப்பிடாத குழந்தை கேட்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இன்று ஆறு மணிக்கே பால்வாடியைத் திறந்து, மிச்சமிருந்த இருபத்தெட்டு முட்டைகளையும் அண்டாவில் தண்ணீர் நிரப்பிப் போட்டுப் பார்த்தேன். நல்ல முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். பழசு அடியில் செங்குத்தாக நிற்கும். கெட்டது மிதக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை, பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். படுத்துக்கொண்டது ஒன்றுகூட இல்லை. ஒன்பது நின்றன. பத்தொன்பது மிதந்தன. அவ்வளவு கழுவி, அவ்வளவு பத்திரமாக மூடி வைத்தவை.

ஒன்றை உடைத்தேன். கரு கலங்கி, பச்சையும் கறுப்புமாக வழிந்தது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தண்ணீரை முகர்ந்தால் எப்படியோ அப்படி.

கொல்லையில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்துவிட்டேன். மண் காய்ந்து பாறையாகக் கிடந்தது, முழங்கால் ஆழம்கூட வரவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

காலையில் குழந்தைகளின் வீடுகளை ஒரு சுற்று சுற்றி வந்தேன். நோம்பி விசாரிக்கிற மாதிரிதான் கேட்டேன். மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு பேருக்கு நின்றுவிட்டது, ஒருவனுக்கு இன்னும் லேசாகக் காய்ச்சல். "நோம்பில கண்டதையும் தின்னுருப்பானுங்க டீச்சர்" என்றாள் அவன் அம்மா. "ஆமா, பஞ்சு மிட்டாயெல்லாம் வாங்கித் தராதீங்க" என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரி. மிதுனாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. உதடு வெடித்திருக்கிறது. விஷ முறிவுக்கான ஊசி ஏதோ போட்டுப் பார்க்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் இருக்கிற போலீஸ் ஏட்டு வந்து வளர்மதியை வராண்டாவுக்குக் கூப்பிட்டார். புருஷனோடு சண்டையா, மாமியாரோடு சண்டையா, கடன் ஏதாவது உண்டா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உண்மையச் சொல்லிரும்மா. நீயா புள்ளைக்கு மருந்து ஏதாச்சும் குடுத்தியா?" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. காய்ச்சல் மருந்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "மெடிக்கல்ல வாங்கி ஒரு மூடி குடுத்தேனுங்" என்றாள். புரிந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை இறங்கப் பார்த்தேன். சொன்னால் வேலை போகும். மகள் படிப்பு பாதியில் நிற்கும். கேஸ் ஆகும். ஒருவேளை முட்டைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம் அல்லவா? மற்ற மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்களே. நாளைக் காலை மிதுனாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மாரியாத்தா, இறக்கிவிடு.

ஏப்ரல் 1, திங்கள், காலை

எட்டரை மணிக்குப் பால்வாடியைத் திறந்து, பாயை விரித்து, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு ரெஜிஸ்டர் எழுத உட்கார்ந்தேன். புது முட்டையோடு ஜெயபால் அண்ணனின் வண்டி வந்து நின்றது. அவர் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்னுங்க டீச்சர் இது, எலி கிலி செத்துக் கெடக்குதா?"

எனக்குப் புரியவில்லை. "என்னண்ணா?" என்றேன்.

அவர் பின்னாலேயே மேகலா வந்தாள். இரண்டடி உள்ளே வைத்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓங்கரித்தாள். நேராகக் கொல்லைக்கு ஓடினாள். நானும் போனேன். ராத்திரி நாய்கள் குழியைப் பறித்திருக்கின்றன. உடைந்த முட்டைகள் கொல்லை முழுக்க, பின்வாசல் படி வரைக்கும், நான் விரித்த பாய்க்கு மூன்றடி தள்ளி ஜன்னலுக்குக் கீழேகூட. ஈ மொய்த்துக் கிடந்தது. அதற்கு நடுவில்தான் நான் அரை மணி நேரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜெயபால் அண்ணன் எட்டிப் பார்த்தார். ஒரு முட்டை ஓட்டைக் குச்சியால் புரட்டினார். "கழுவுனீங்களா டீச்சர்?"

"அழுக்கா இருந்துச்சு, அதான்."

"அடக் கெரகமே. முட்டை மேல மாவு மாதர ஒரு பூச்சு இருக்குமுங்க. அதுதான் அதுக்குக் கதவு. சோப்புப் போட்டுத் தேச்சா அது போயிருமுங்க, அப்பறம் ஈரமும் அழுக்கும் ஓடு வழியா உள்ள போயிரும். அதையும் டப்புல போட்டு மூடி, இந்தச் சூட்டுல ரெண்டு வாரமா? வேணும்ங்கறப்பத்தான் கழுவோணும். இல்லீன்னா தொடச்சுட்டு காத்தாட அட்டையிலயே வெச்சிருக்கோணும்ங்க." அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் போனதும் மேகலா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், உங்களுக்கு இந்த நாத்தம் தெரியலீங்களா?"

"சளி."

"சளி இல்லீங் டீச்சர். கேஸு அன்னிக்கும் உங்களுக்குத் தெரியல. போன மாசம் பருப்பு தீஞ்சப்பவும் நான்தான் ஓடியாந்தேன். தெனமும் என்னைய எதுக்கு ஒரு வாய் பாக்கச் சொல்றீங்கன்னு இப்பத்தானுங் புரியுது." அவள் குரல் உயரவில்லை. "எத்தன நாளாச்சுங்?"

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். கொரோனா வந்து மூக்கு போய் மூன்று வருடம் ஆகிறது. முதலில் வந்துவிடும் வந்துவிடும் என்றிருந்தேன். பிறகு, சோற்றை முகர்ந்து பார்க்க முடியாதவளைப் பால்வாடியில் வைத்திருப்பார்களா என்ற பயம் வந்துவிட்டது. உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, அது போதும் என்று சமாளித்துவிட்டேன்.

"மிதுனா பாப்பாவுக்கு முட்டைனாலயா?" என்றாள்.

நான் குழியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"டாக்டரு கேட்டாரா? நீங்க என்ன சொன்னீங்?"

"வாடை அடிக்கலைன்னு சொன்னேன்."

மேகலா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு என் செருப்பை எடுத்து வந்து என் காலடியில் போட்டாள். "கொழந்தைகளை நான் பாத்துக்கறேன். கொல்லையையும் அள்ளிப்போட்டுப் பிளீச்சிங் போட்டுக்கறேன். நீங்க பஸ்ஸேறுங்."

ஏப்ரல் 1, மாலை

சொல்லிவிட்டேன்.

வார்டில் டாக்டர் சுற்றி வந்துகொண்டிருந்தார். மிதுனாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வளர்மதி. "டாக்டர், நான் வெள்ளிக்கிழமை சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். எனக்கு வாடையே தெரியாது என்றேன். முட்டையைக் கழுவி மூடி வைத்தது, கேஸ் தீர்ந்தது, மஞ்சள் இளக்கமாக இருந்தது, பத்தொன்பது மிதந்தது, புதைத்தது, மூன்று குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, ஒன்றையும் விடவில்லை. நடுவில் நிறுத்தினால் மறுபடியும் வாய் வராது என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும்மா. மூணு நாள்" என்றார். அவ்வளவுதான். உடனே நர்ஸைக் கூப்பிட்டார். ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள், வேறு மருந்தை ட்ரிப்ஸில் ஏற்றினார்கள். மற்ற மூன்று குழந்தைகளையும் கூட்டிவரச் சொல்லி ஆள் போயிற்று.

வளர்மதி என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு குழந்தையின் பக்கம் திரும்பி, விசிறியை எடுத்து வீச ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

காய்ச்சல் நூற்று மூன்று. சூப்பர்வைசர் மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, புதன்

காய்ச்சல் அப்படியே. வார்டுக்குள் போகப் பயந்து வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாராவது சத்தமாகப் பேசினால் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. முன்பெல்லாம் இந்த வராண்டாவில் பினாயில் நெடி அடிக்கும்.

ஏப்ரல் 4, வியாழன்

நூறு. மத்தியானம் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாளாம். நர்ஸ் வெளியே வந்து சொன்னாள். நான் கேட்காமலே வந்து சொன்னாள், அவள் நன்றாக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 5, வெள்ளி

விசாரணை முடியும்வரை பால்வாடிக்கு வர வேண்டாம் என்று உத்தரவு. மகளிடம் சொன்னேன். "மூணு வருசமா எங்கிட்டக்கூட சொல்லலியேம்மா" என்றாள். கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

மிதுனாவை நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தது உறுதியாகிவிட்டதாம், இன்னும் பத்து நாள் மருந்து குடிக்க வேண்டும். போகலாமா வேண்டாமா என்று காலை முழுக்க யோசித்துவிட்டு, பத்து மணிக்கு முருங்கைத் தோட்டத்துக்கு நடந்தேன்.

சாளைக்கு முன்னால் மிதுனா கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள். கால் இன்னும் தடுமாறுகிறது. என்னைப் பார்த்ததும் "டீச்சர்!" என்று கத்திக்கொண்டு வந்து காலைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தொடுவதற்குக் கை வரவில்லை. வளர்மதி வெளியே வந்தாள். குழந்தையை அதட்டவும் இல்லை, என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை.

"என்னை மன்னிச்சிரு வளர்மதி" என்றேன்.

"முட்டைக்கு நான் ஒண்ணும் சொல்லலீங் டீச்சர். சுத்தமா இருக்கோணும்னுதான கழுவுனீங்க. எனக்கும்தான் அது தெரியாது. மூக்குக்கும் ஒண்ணும் சொல்லலீங், நோவு வந்து போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அந்த ஏட்டு, புள்ளைக்கு நீயா மருந்து குடுத்தியான்னு எங்கிட்டக் கேட்டப்ப, நீங்க எல்லாந் தெரிஞ்சுட்டுத்தான நின்னீங்க?"

"ஆமா."

"எம்பட தோள்ல கை வெச்சுட்டு நின்னீங்க டீச்சர்."

மிதுனாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் புரட்டி முப்பத்தொன்றாம் தேதியைப் படித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தேன், தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். தோளில் கை வைத்திருந்ததை மட்டும் எழுதவில்லை.